அந்த ஏரியா எப்பிடி?

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் விட்டுப்போன சிலவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.)

கவிதை பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் வீடு தேடின கதையைச் சொல்லப்போகிறேன். சென்னைக்கு மாற்றலாகி வந்த பிறகு நான் எழுதின கவிதைகளைவிட ஏறி இறங்கின மாடிப்படிகள் அதிகம். அதனால் இதுதான் இப்போது எனக்குத் தெரிந்த விஷயம்.

2021 கடைசியில் திண்டிவனம் பக்கத்துக் கிளையிலிருந்து சென்னைக்கு மாற்றல் வந்தது. நான் வங்கியில் எழுத்தர். என் மனைவி செவிலியர். ஒரு பெண் குழந்தை, அப்போது அவளுக்கு நாலு வயசு. கூடவே கல்லூரியில் சேர வந்த என் அக்கா மகன். நாலு பேருக்கு ஒரு வீடு வேண்டும். புதுக் கிளையில் சேர்ந்த அன்றைக்கே சக ஊழியர் ஒருவர், நல்ல மனுஷன், பேப்பர் எடுத்து ஏரியா ஏரியாவாக எழுதிக் கொடுத்தார். ஒரு பக்கம் போகலாம், இன்னொரு பக்கம் போகக் கூடாது. போகக் கூடாத பக்கத்தில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கண்ணகி நகர் எல்லாம் இருந்தது. “பொண்ணு கொழந்த வச்சிருக்கீங்க சார். அந்தப் பக்கமெல்லாம் சேஃப் இல்ல” என்றார். அவர் என்னைப் புண்படுத்த நினைக்கவில்லை. நான் யாரென்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார், கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருப்பார், அவ்வளவுதான்.

அவர் எழுதிக் கொடுத்த ‘போகலாம்’ பக்கத்திலிருந்தே ஆரம்பித்தேன். தென்சென்னையில் மூன்று வீடு பார்த்தோம். முதல் வீட்டில் காபி கொடுத்தார்கள். பேர் கேட்டார்கள், சொந்த ஊர் கேட்டார்கள். ஊர் பேரைச் சொன்னதும் அந்த அம்மா, “ஓ, எங்களுக்கும் அந்தப் பக்கம் ஒறவு இருக்கு. ஊர்ல நீங்க எந்தத் தெரு?” என்றார். இந்தக் கேள்வி உங்களுக்கெல்லாம் பழக்கமானதுதான். சாதியைக் கேட்காமலே சாதியைக் கேட்கிற நாகரிகம் இது. நான் தெருப் பேரைச் சொன்னேன். தெருப் பேரிலேயே காலனி இருக்கிறது. காபி டம்ளரை அந்த அம்மா வாங்கிக்கொண்டு போன வேகத்தை நான் கவனித்தேன், என் மனைவியும் கவனித்தாள். மறுநாள் போன் வந்தது: “தப்பா நெனச்சுக்காதீங்க, எங்க சொந்தக்காரங்களே வர்றாங்களாம்.” இரண்டாவது வீட்டுக்காரருக்கும் சொந்தக்காரர்கள் வந்தார்கள். மூன்றாவது வீட்டுக்காரருக்கும் வந்தார்கள். நாங்கள் போய்ப் பார்த்து வந்த மறுநாள் பார்த்து அந்தச் சொந்தக்காரர்களெல்லாம் கிளம்பி வருகிறார்கள் என்றால், வீட்டுக்காரர்களின் உறவு பாசம் பற்றி ஒரு ஆய்வே செய்யலாம்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1955-ஆம் வருஷத்துக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, எந்தப் பகுதியிலும் வீடு கட்டவும் வாங்கவும் குடியிருக்கவும் தீண்டாமையின் பேரால் தடை செய்வதைக் குற்றம் என்கிறது. ஆனால் சொந்தக்காரர் வருவது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லையே. 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அட்வான்ஸ் எத்தனை மாசம் வாங்கலாம் என்று பேசுகிறது. யாருக்கு இல்லை என்று சொல்லக் கூடாது என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

அம்பேத்கரின் பரோடா அனுபவம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தாலும் ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள். 1917. கொலம்பியாவில் படித்துவிட்டு சமஸ்தான வேலைக்கு வருகிறார். தங்க இடமில்லை. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பேரில் தங்குகிறார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கும்பல் வந்து நிற்கிறது. வெளியேறு என்கிறது. ஒரு இந்து நண்பரிடமும் ஒரு கிறித்தவ நண்பரிடமும் கேட்டுப் பார்க்கிறார். இரண்டு பேரும் நழுவுகிறார்கள். பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயில் ஏறி பம்பாய்க்குத் திரும்புகிறார். அன்றைக்கு அந்த விடுதி இருந்த தெரு பாதுகாப்பான தெருவா இல்லையா? பரோடாவில் யாரைக் கேட்டிருந்தாலும் பாதுகாப்பான தெரு என்றுதான் சொல்லியிருப்பார்கள். தடியோடு வந்தவர்களும் அந்தத் தெருவின் பாதுகாப்புக்காகத்தான் வந்தார்கள்.

ஆக ‘பாதுகாப்பு’ என்ற சொல்லை நாம் வெறும் சொல்லாக எடுத்துக்கொள்ள முடியாது. யாரிடமிருந்து யாருக்கு என்ற கேள்வியை விழுங்கிவிட்டு நிற்கிற சொல் அது. பொதுப்புத்தியில் ‘சேஃப்’ என்பதற்கு அர்த்தம், எங்களைப் போன்றவர்கள் இல்லாத இடம்.

இதோடு முடித்துக்கொண்டால் கைதட்டுவீர்கள். நானும் அந்த மூன்றாவது போன் வந்த ராத்திரி இப்படித்தான் வீட்டில் பேசிக்கொண்டிருந்தேன். நாம் நம் ஜனங்கள் இருக்கிற பக்கமே போவோம், புளியந்தோப்புக்குப் போவோம் என்றேன். என் மனைவி குழந்தைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். “ஒனக்குக் கவித எழுத ஏரியா வேணும். எனக்குப் பொண்ண வளக்க ஏரியா வேணும். நான் நைட் டூட்டி முடிச்சு வர்றவ. ஒன் அரசியலுக்காக இருட்டு ரோட்டுல நான் நடக்க முடியாது” என்றாள். என்னிடம் பதிலில்லை. சேரியை ரௌடிகளின் இடமாகக் காட்டுகிற சினிமாவைத் திட்டுவது சுலபம். அதற்குப் பதிலாகச் சேரியைப் புனிதப்படுத்துவது அதைவிடச் சுலபம். இரண்டிலும் ராத்திரி ஒன்பதரைக்கு பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிற பெண் இல்லை.

அதனால் யார் சொல்வதையும் நம்புவதில்லை, நாமே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். எப்படிப் பார்த்தோம் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. இங்கே இருக்கிற மாணவர்கள் நாளைக்கு வேலை கிடைத்து நகரத்தில் வீடு தேடுவீர்கள்.

புரோக்கர் எப்போதும் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குத்தான் கூட்டிப்போவான். வெயிலில் எல்லாத் தெருவும் நல்ல தெருதான். நாங்கள் பட்டாளத்துக்கும் புளியந்தோப்புக்கும் நடுவில் ஒரு வீட்டைப் பார்த்தோம். பகலில் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை ராத்திரி திரும்பப் போனோம். நான் டீக்கடையில் உட்கார்ந்தேன். அவள் பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரைக்கும் தனியாக நடக்கிறேன் என்றாள். நான் பின்னால் வருகிறேன் என்றதற்கு, “தினமும் வருவியா?” என்று கேட்டாள். போனாள். இருபது நிமிஷம் எனக்கு டீ தொண்டையில் இறங்கவில்லை.

திரும்பி வந்து சொன்னாள். மூணு லைட் எரியல. டாஸ்மாக் கடை முனையில் நாலு பேர் சாலையிலேயே உட்கார்ந்து குடிக்கிறான், அந்த வழி வேண்டாம், கோயில் சந்து வழியா வரலாம். சந்தில் பொம்பளைங்க வாசப்படியில் உட்கார்ந்து பூ கட்டுறாங்க, பத்தரை மணி வரைக்கும் உட்காருவாங்களாம். வண்டியில் போன இரண்டு பையன்கள் நிறுத்தி, “அக்கா, யாரு வூட்டுக்கு?” என்று கேட்டார்களாம். எனக்குப் பகீரென்றது. அவள் சிரித்தாள். “கேட்டாங்களே, அதான் எனக்குப் புடிச்சுது. மொதல்ல பாத்தோமே அந்தத் தெரு, கேட்டுக்கு ஒரு கேமரா, ஒரு நாய், ஒரு மனுச மொகம் இல்ல. அங்க நான் கத்துனா நாய்தான் கொரைக்கும்” என்றாள். இப்படி ஒரு அளவுகோலை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அடுத்தது தண்ணீர். வடசென்னையில் வீடு பார்க்கிறவர்கள் ரௌடியைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால் மழையைப் பற்றி விசாரிக்க வேண்டும். ஓட்டேரி நல்லாவும் பக்கிங்காம் கால்வாயும் எந்தப் பக்கம் ஓடுகிறது, தெரு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். வீட்டுக்காரர் சுவரில் இடுப்பு உயரத்துக்கு மட்டும் புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். பிளக் பாயிண்ட் நெஞ்சு உயரத்தில் இருந்தால், அது குழந்தை தொடாமலிருக்க வைத்தது என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். பக்கத்து வீட்டில் எட்டிப் பாருங்கள், ஃப்ரிட்ஜ் எத்தனை செங்கல் மேல் நிற்கிறது? சாலையை மேலே மேலே போட்டுப் போட்டு, வாசலுக்கு ஏறிப் போன காலம் போய் இறங்கிப் போக வேண்டியதாகிவிட்ட வீடுகள் அங்கே நிறைய. வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள். காலையில் அடிபம்பில் நிற்கிற பெண்களைக் கேளுங்கள். எத்தனை மணிக்குத் தண்ணி வருது, என்ன கலர்ல வருது, சாக்கடை கலக்குதா, எல்லாம் அங்கே ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். எங்களிடம் ஒரு அம்மா சுவரைத் தொட்டுக் காட்டினார்: “2015-க்கு இம்மாந்தூரம். அதுக்கப்பறம் இம்மாந்தூரம்.”

இதையும் சொல்ல வேண்டும். அதே 2015 டிசம்பரில் ‘போகலாம்’ பட்டியலில் இருந்த வேளச்சேரியும் மூழ்கியது. சதுப்பு நிலத்தை மேடாக்கிக் கட்டின இடங்களில் படகு விட்டார்கள். அதற்காக வேளச்சேரியை யாரும் ஆபத்தான ஏரியா என்று சொல்வதில்லை. வெள்ளம் வந்தால் இயற்கைச் சீற்றம். கத்தி வந்தால் மட்டும் ஏரியாவின் குணம்.

வங்கியிலிருந்து ஒரு விஷயம். கடன் கொடுக்கிற தொழிலில் ‘நெகட்டிவ் ஏரியா’ என்று ஒரு வார்த்தை புழங்குகிறது. தனியார் நிதி நிறுவனங்களுக்கு விசாரிக்கப் போகிற பையன்கள் சாதாரணமாகச் சொல்வார்கள். 600012, 600039, 600097 என்று பின்கோடைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்குவதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். எழுதி ஒட்டின பட்டியல் எதையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. உதட்டைப் பிதுக்குவதற்குப் பட்டியல் எதற்கு? மாசச் சம்பளச் சீட்டும் ஒழுங்கான கணக்கும் வைத்திருக்கிற பையன், வண்டிக் கடனுக்கு வேறு ஏரியாவில் இருக்கிற மாமா வீட்டு முகவரி கொடுக்கிறான். 1930-களில் அமெரிக்காவில் அரசாங்கத்தின் வீட்டுக்கடன் அமைப்பே நகரங்களுக்கு வரைபடம் போட்டு, கறுப்பர்கள் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் அடித்தது. சிவப்புக்குக் கடன் கிடையாது. கடன் இல்லாததால் வீடு பழுதானது, பழுதானதால் பார்த்தீர்களா, சிவப்பு சரிதான் என்றார்கள். அங்கே 1968-ல் அதற்கெதிராகச் சட்டம் வந்தது. இங்கே வரைபடம் போட்ட வேலையும் மிச்சம். ஊர், சேரி என்று வரைபடம் ஏற்கெனவே தலைக்குள் இருக்கிறது, பின்கோடு அதன் மேல் எழுதின எண்.

புளியந்தோப்பு ஆபத்தான இடம் என்பது நேற்றுக் கிளம்பின பேச்சு இல்லை. 1921-ல் பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலைகளில் வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் சேராமல் வேலைக்குப் போனார்கள். ஏன் சேரவில்லை, அது சரியா என்பதைத் தனியாக விவாதிக்கலாம். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்ட இந்த நகரத்தில், சங்கத்துக்குள் சாதி என்னவாக இருந்தது என்று கேட்காமல் அதை விவாதிக்க முடியாது. நடந்தது என்ன? புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச்சூடு நடந்தது, உயிர்கள் போயின. அரசு ஆதிதிராவிடர்களுக்குச் செல்லம் கொடுத்ததுதான் காரணம் என்று அன்றைய நீதிக்கட்சித் தலைவர்கள் சிலர் பேசினார்கள். எம்.சி. ராஜா 1923-ல் அந்தக் கட்சியைவிட்டு வெளியே வந்தார். ‘புளியந்தோப்புக் கலவரம்’ என்று வரலாற்றில் பேர் வைத்தபோது எரித்தவன் பேர் போய்விட்டது, எரிந்த இடத்தின் பேர் ஒட்டிக்கொண்டது.

அந்த ஆலை 1996-ல் மூடப்பட்டது. இன்றைக்கு அந்த நிலத்தில் அடுக்குமாடி நிற்கிறது. நீச்சல்குளம் இருக்கிறது, காவலாளி இருக்கிறார், விளம்பரத்தில் ‘பெரம்பூர்’ இருக்கிறது. புளியந்தோப்பு என்ற சொல் அந்த விளம்பரத்தில் என் கண்ணில் பட்டதில்லை. ஓட்டேரி, பட்டாளம் வழியாக மெட்ரோ ரயில் என்று வேலை தொடங்கின நாளிலிருந்து புரோக்கர்கள் பாஷை மாறிவிட்டது. “முன்ன மாதிரி இல்ல சார், இப்ப நல்ல ஆளுங்க வர ஆரம்பிச்சிட்டாங்க.” என்னிடமே சொன்னான். அவன் சொன்ன நல்ல ஆள் நான்தான். வங்கி சார்.

2022 தொடக்கத்தில் அந்த வீட்டுக்குக் குடி போனோம். வாடகை ஒன்பதாயிரம். வீட்டுக்காரர் என்ன ஆள் என்று கேட்கவில்லை, சம்பளம் எத்தனை தேதிக்கு வரும் என்று மட்டும் கேட்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டு மாசம் கழித்து ஒரு வயசான அம்மா வாசலில் வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர். ஐயாயிரத்து ஐந்நூறு கொடுத்துக்கொண்டிருந்தார்களாம். ஒன்பது தர ஆள் இருக்கு, தர முடிஞ்சா இரு, இல்லேன்னா காலி பண்ணு என்று சொல்லிவிட்டார்கள். இப்போது பெரும்பாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். மகளை அங்கே தூக்கிப்போட்டது கூவக்கரையை அகற்றினபோது. மாசா மாசம் ஏலச்சீட்டுக்குப் பணம் கட்ட இங்கே வருகிறார், அங்கே யாரையும் தெரியாது, இங்கேதான் நம்பிக்கை என்றார். உள்ளே எட்டிப் பார்த்து, சுவரில் நான் காலண்டர் மாட்டியிருந்த ஆணியைக் காட்டி, “அது எம் பையன் அடிச்சது” என்றார்.

தோழர்களே, மூன்று வீட்டில் எனக்கு இல்லையென்றார்கள் என்று இத்தனை நேரம் பேசினேன். அந்த அம்மாவுக்கு இல்லையென்று ஆனது என்னால். நம்மில் படித்து வேலைக்குப் போன ஒவ்வொருவரும் நம் ஜனங்களுக்கு நடுவில் போய் வாழ்வோம் என்று கிளம்பினால் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி நம் பத்திரிகைகளில் ஒரு கட்டுரைகூட நான் படிக்கவில்லை. போகாமலிருப்பதா? தெரியவில்லை. போகாமலிருந்தால் வேறொரு வங்கி சார் வந்திருப்பார், அது எனக்குச் சமாதானமாக இல்லை.

கண்ணகி நகர், பெரும்பாக்கம் பற்றி இங்கே பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2000-லிருந்து நகரத்துக்குள்ளே இருந்தவர்களைக் கொண்டுபோய் சின்னச் சின்ன வீடுகளில் ஆயிரக்கணக்கில் அடுக்கினார்கள். வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். பிறகு அந்த இடத்துக்குக் குற்ற ஏரியா என்று பேர். 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் கார்த்திகா இருந்தார். ஒரு வாரம் எல்லாரும் கண்ணகி நகர், கண்ணகி நகர் என்றார்கள். எட்டாம் நாள் பின்கோடு பழையபடி பின்கோடுதான். எங்கள் பக்கத்திலேயே கேசவப்பிள்ளை பூங்கா அடுக்குமாடியில் 2021-ல் கையால் சுரண்டினால் பூச்சு உதிர்ந்தது, ஐ.ஐ.டி.யிலிருந்து வந்து சோதித்தார்கள். புத்தம் புது வீட்டின் சுவர் விரலுக்கு உதிர்வதைவிடப் பெரிய பாதுகாப்புப் பிரச்சினை என்ன?

குடியிருந்ததில் கண்டதைச் சொல்கிறேன். 2023 டிசம்பர் புயலில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர், மூன்று நாள் மின்சாரம் இல்லை. “யாரு வூட்டுக்கு” என்று கேட்ட அந்தப் பையன்கள்தான் என் மகளைத் தோளில் தூக்கிப் பக்கத்து மாடியில் விட்டார்கள். அதே பையன்களில் ஒருத்தன் பிறகு அடிதடி வழக்கில் உள்ளே போனான். இரண்டும் உண்மை. என் அக்கா மகனை ராத்திரி ரோந்தில் நிறுத்தி, எங்கே வீடு என்று கேட்டு, ஏரியா பேரைச் சொன்னதும் செல்போனில் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டு அனுப்பினார்கள். அவன் கையில் கல்லூரி நூலகப் புத்தகம். அதற்குப் பிறகு அவன் யார் கேட்டாலும் ‘புரசைவாக்கம்’ என்று சொல்லப் பழகிவிட்டான். என் மனைவிக்கு அந்தத் தெருவில் கிடைத்த பாதுகாப்பு அவனுக்குக் கிடைக்கவில்லை. ஒரே வீட்டுக்குள் ஆளுக்கொரு கணக்கு.

2024 ஜூலை 5. பெரம்பூரில் ஆம்ஸ்ட்ராங்கை வெட்டிக் கொன்றார்கள். ஒரு கட்சியின் மாநிலத் தலைவரை, அவர் வீட்டருகிலேயே, சாயங்காலத்தில். அந்த ராத்திரி எங்கள் தெருவில் யாரும் தூங்கவில்லை. மறுநாள் காலையில் வங்கியில் அந்தச் சக ஊழியர் என் மேசைக்கு வந்து, மெதுவாகத்தான், “நான் அப்பவே சொன்னேன்ல சார், அந்த ஏரியா சேஃப் இல்லேன்னு” என்றார். எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. அவருக்கு அது ஏரியா செய்தி. எங்களுக்கு அது சாவு. நம்மில் தலையெடுத்த ஒருவருக்கு இந்த நகரத்தில் எந்த ஏரியா பாதுகாப்பு என்று அவரைத் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. டோக்கன் நம்பரைக் கூப்பிட்டு அடுத்தவருக்குப் பணம் எண்ணிக் கொடுத்தேன்.

என் மனைவி அந்த வாரம் வீட்டை மாற்றலாமா என்று கேட்டாள். நான் யோசிப்பதற்குள் அவளே, “வேணாம், இப்ப போனா எல்லாரும் போற மாதிரி ஆயிடும்” என்றாள். போகவில்லை.

இப்போது வேறு வழியில் அந்தக் கேள்வி வந்திருக்கிறது. வீட்டுக்காரர் பதினைந்தாயிரம் கேட்கிறார். தர ஆள் இருக்கிறதாம். கம்ப்யூட்டர் கம்பெனி ஆளாம், நல்ல ஆளாம். ஆக, நானும் திரும்ப வீடு தேடுகிறேன். கொடுங்கையூர் பக்கம் ஒன்று இருக்கிறது என்றார்கள், குப்பைமேட்டுப் புகை எவ்வளவு தூரம் வருகிறது என்று பார்க்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது ராத்திரியில்தான் தெரியும். வருகிற வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நானும் அவளும் போகிறோம். அந்தப் பக்கத்துத் தோழர்கள் யாராவது இங்கே இருந்தால், கூட்டம் முடிந்ததும் எந்தச் சந்து வழியாக நடக்கலாம் என்று சொல்லுங்கள். வாடகை எவ்வளவு என்பதையும், இப்போது அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.